களஞ்சியத்து ஈரம்

அந்தத் தேத்தண்ணியை மியூரியல் குடிக்கமாட்டாள் என்று சுகிர்தத்துக்குத் தெரியும். தெரிந்தும், விடிந்தால் முதல் வேலையாக எல்லாருக்கும் ஊற்றும்போது அவளுக்கும் ஒரு பேணியில் ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்துவிடுவாள்.

அன்றும் அப்படித்தான். மியூரியல் குசினிக்குள் வந்தாள். பேணியை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் நின்று வாழையடியில் கவிழ்த்தாள். பிறகு பேணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தனக்கென்று வேறு தண்ணீர் அடுப்பில் வைத்தாள்.

"தேத்தண்ணி வேண்டாமெண்டா விடு பிள்ளை... பனங்கட்டியையாவது எடன். சாமான் கிடைக்காத காலம்..."

"உங்கடை கை பட்டது ஒண்டும் என்ரை வாய்க்குள்ளை போகாது. எத்தினை வருசமாச் சொல்லுறன்!"

மியூரியல் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது சுகிர்தத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுப்பைப் பார்த்தபடியே, உப்பில்லை புளியில்லை என்பது மாதிரித்தான் அதைச் சொன்னாள்.

வெளியே தூறத் தொடங்கியது. தகரக் கூரையில் அந்தச் சத்தம் விழுந்ததும் சுகிர்தம் நிமிர்ந்து களஞ்சியப் பக்கம் பார்த்தாள். மாசி மாதத்து மழை. ஒரு கிழமையாகவே இந்தக் காலம் தப்பிய மழை விட்டு விட்டுப் பெய்கிறது. முற்றத்தில் விரித்த படங்கில் காயப்போட்ட சோளத்தை மைத்துனன் வில்லியம் நாலைந்து நாளுக்கு முதல் ஒரு பின்னேரம் அவசரம் அவசரமாக அள்ளிச் சாக்கில் கட்டியதை அவள் வேலிக்கரையில் நின்று பார்த்திருந்தாள். காய்ந்துவிட்டதா என்று ஒரு மணியைக்கூட அவன் கடித்துப் பார்க்கவில்லை.

பார்த்துக்கொண்டு நிற்க மட்டும்தான் அவளால் முடிந்தது. களஞ்சியத்துக்குள் கால் வைக்க அவளுக்கு உரிமையில்லை.

ஒருகாலத்தில் அந்தக் களஞ்சியமே அவளுடைய கையில்தான் இருந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வேலையையும் வீட்டையும் இழந்து, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்கள் எட்வேர்ட்டும் வில்லியமும். அண்ணனும் தம்பியும் குடும்பத்தோடு வட்டுக்கோட்டையில் தகப்பன் விட்டுப்போன பழைய கல்வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சும்மா கிடந்த காணியைத் திருத்திச் சோளம் போடுவோம் என்றவர் எட்வேர்ட். உழவும் இறைப்பும் தம்பியின் பொறுப்பு. சோளப் பொத்தி முறித்த பிறகு உதிர்ப்பது, புடைப்பது, காயவிடுவது, மூட்டை கட்டுவது எல்லாம் எட்வேர்ட்டின் மனைவி சுகிர்தத்தின் பொறுப்பு.

அவள் அதை ஒரு தவம் மாதிரிச் செய்தாள். காய்ந்த போத்தலுக்குள் ஒரு பிடி சோளமும் கொஞ்சம் உப்பும் போட்டுக் குலுக்குவாள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் சோளம் இன்னும் ஈரம். ஒட்டாவிட்டால்தான் மூட்டை கட்டலாம். கோழிப் பண்ணைக்காரர்கள் அவளுடைய மூட்டைகளைப் பிரித்தும் பார்ப்பதில்லை. கட்டியது யார் என்று மட்டும் கேட்பார்கள். வீட்டுக் கஞ்சிக்கும் அதே சோளம்தான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. வில்லியத்துக்கும் மியூரியலுக்கும் ஒரேயொரு மகள், நேசமலர். அந்தக் குழந்தை தாயின் மடியில் இருந்த நேரத்தைவிடப் பெரியம்மாவின் மடியில் கிடந்த நேரம் அதிகம். படங்கில் பரப்பிய சோளத்தின்மேல் வெறுங்காலோடு நடந்து கோடு கீறுவதுதான் அவளுக்கு விளையாட்டு. "எடி, மிதியாதை!" என்று சுகிர்தம் ஒருநாளும் சொன்னதில்லை.

எண்பத்தேழு ஐப்பசியில் சண்டை வந்தது. வீதிகள் அடைபட்டன. ஊரடங்கு நாட்கணக்கில் நீண்டது. எங்கிருந்தோ வந்து விழுந்த ஷெல்லில் களஞ்சியக் கூரையின் ஒரு மூலை பெயர்ந்தது. யாரும் வெளியே தலைகாட்ட முடியாத அந்த நாட்களில் மழை நேரே மூட்டைகளின்மேல் இறங்கியது. சுகிர்தம் துணிந்து போய்க் கதவைத் திறந்தபோது, பாதி மூட்டைகளில் பூஞ்சணம் பச்சையாகப் பிடித்திருந்தது.

அவற்றைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் வண்டில் கொட்டிலில் போட்டாள். ஊரடங்கு தளர்ந்ததும் கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாழ்க்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியும் வைத்தாள். மிஞ்சிய நல்ல சோளத்தை, தஞ்சம் என்று வந்திருந்த அயலட்டைச் சனத்துக்கும் சேர்த்து, அளந்து அளந்துதான் கொடுக்க முடிந்தது. அந்த அளவு மியூரியலுக்குப் போதவில்லை. பசியில் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய்க்குத்தான் போதும்? ஒருவருக்கும் தெரியாமல் வண்டில் கொட்டிலுக்குப் போய், அந்த ஒதுக்கிய மூட்டையிலேயே அள்ளி, அங்கேயே கிடந்த உரலில் இடித்து, மகளுக்கு மட்டும் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். ஒருநாள் இரண்டு நாளல்ல, ஊரடங்கு முழுவதும்.

பிள்ளைக்குக் கண் மஞ்சளாகியது. வயிறு ஊதியது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப் பாதையில்லை. அயலிலிருந்த வயதான அப்போதிக்கரி வைத்தியர் ஒருவர் வேலிப் பொட்டுகளுக்குள்ளால் நுழைந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் சட்டியில் மிஞ்சியிருந்த மாவை முகர்ந்து பார்த்தார்.

"இது மனுசர் தின்னுற சாமானே? ஆர் இந்த மாவை இடிச்சது?"

அன்று காலைதான் சுகிர்தம் வண்டில் கொட்டிலில் அந்த மூட்டை அரைவாசி இறங்கியிருந்ததையும், உரலடியில் சிந்திக் கிடந்த மாவையும் கண்டிருந்தாள். மியூரியலை நிமிர்ந்து பார்த்தாள். மியூரியலின் வாய் திறந்தபடி இருந்தது. அவள் பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டிருந்தாள்... அவளுக்குப் பின்னால் கிணறு. கட்டு உயர்த்தாத தோட்டக் கிணறு!

"நான்தான்," என்றாள் சுகிர்தம். "நான்தான் மூட்டை மாறி எடுத்து இடிச்சுக் குடுத்தனான்."

"நீரோ?" என்றார் எட்வேர்ட்.

"ஓம். நான்தான்."

மியூரியல் நின்றாள். ஒரு கணம் சுகிர்தத்தின் முகத்தையே பார்த்தாள். அடுத்த கணம், "என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டியேடி!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து விழுந்தாள். முகத்திலும் மார்பிலும் அடித்தாள். சுகிர்தம் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் மனம் ஆண்டவருக்கு நன்றி சொன்னது. மியூரியலின் கால்கள் கிணற்றடியைவிட்டு வந்துவிட்டன.

அன்றோடு களஞ்சியப் பூட்டின் திறப்பு வில்லியத்தின் கைக்குப் போனது. "பிள்ளையில்லாத எரிச்சலிலை செய்தவள்" என்று ஊர் கதைத்தது. எட்வேர்ட் முன் அறைக்குப் படுக்கையை மாற்றினார். அழுது அழுது மியூரியலும் கடைசியில் அந்தப் பொய்யையே நம்பிவிட்டாள் என்றுதான் சுகிர்தம் நினைத்தாள். நம்பட்டும். அந்த நம்பிக்கைதான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்...

ஆனால் சுகிர்தத்துக்கு அமைதி கிடைக்கவில்லை. வண்டில் கொட்டிலைப் பிடுங்கி எறிந்து வருசங்களாகிவிட்டன. உரலையும் உடைத்துவிட்டார்கள். இருந்தும் விடியற்காலையில் அந்த வெறும் நிலத்திலிருந்து உலக்கைச் சத்தம் கேட்கும். டொக்... டொக்... எழும்பிப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, நாயுருவிச் செடிகள்தான். திரும்பி வந்து படுத்தால் கையில் பூஞ்சண மணம் அடிக்கும். சவர்க்காரம் கிடைக்காத அந்த நாட்களில் சாம்பலாலும் பனம்பழத் தும்பாலும் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை புண்ணாகியதுதான் மிச்சம். இடிக்காத மாவின் மணம் தன் கைக்கு எப்படி வந்தது? யாரிடம் கேட்பாள்?

தூறல் விட்ட நேரத்தில் உழவு மெசினின் இரைச்சல் வாசல் படலையடியில் கேட்டது. சுகிர்தம் அடுப்படியை விட்டு எழுந்தாள்.

சிறுவர் இல்லம் ஒன்றின் மேற்பார்வையாளர் சீவரத்தினம் மூட்டை ஏற்றும் பெட்டியை மெசினில் கொளுவிக்கொண்டு வந்திருந்தார். தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை ஓய்ந்திருந்த அந்த மாதங்களில் பல இடத்துப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். சத்துமா இடிக்கச் சோளம் வேண்டும் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். வில்லியம் களஞ்சியக் கதவை அகலத் திறந்து மூட்டைகளை வெளியே உருட்டிக்கொண்டிருந்தான்.

சத்துமா... பிள்ளைகளுக்கு! சுகிர்தத்தின் கால்கள் அவளைக் கேளாமலே முற்றத்தைக் கடந்தன. முதல் மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். கையை முழங்கை மட்டும் உள்ளே விட்டாள்.

உள்ளே சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்ட மாதிரிச் சுட்டது.

"மச்சாள்! என்ன செய்யிறியள்? விலகுங்கோ!"

"வில்லியம், மூட்டை வேகுது. ஈரத்தோடை கட்டிப்போட்டாய். கையை விட்டுப் பார்."

"மேலாலை பாருங்கோ, மணி மணியாக் கிடக்கு!"

"மேலாலை நல்லாத்தான் இருக்கும்..." அவள் மூட்டையைப் பிடித்துச் சரித்தாள். மஞ்சள் மணிகள் பொலபொலவென்று கொட்டின. அடியிலிருந்து கட்டி கட்டியாக வந்து விழுந்தது. பிரிக்கப் பிரிக்க உள்ளே பச்சைப் பூஞ்சணம். "உது ஒரு மூட்டையும் வெளியிலை போகாது. ஐயா, நீங்கள் ஏத்தாதையுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்!"

சீவரத்தினம் தலையைச் சொறிந்தார். "அம்மா, இல்லத்திலை மா முடிஞ்சு போச்சு. பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

"பட்டினி கிடந்தாலும் பிள்ளையள் தப்பும் ஐயா. இதைத் திண்டாத் தப்பாது."

வில்லியத்தின் முகம் கறுத்தது. அவன் கெட்டவனல்லன். மழையோடு மல்லுக்கட்டிக் களைத்தவன். போகம் முழுக்க மண்ணாய்ப் போய்விடுமோ என்ற பயத்தில் நின்றவன். அந்தப் பயம் அவனை வாய்க்கு வந்தபடி பேச வைத்தது.

"ஐயா, உவ சொல்லுறதைக் கேட்டு நீங்கள் நிக்கிறியளே? என்ரை பிள்ளையைத் திண்ட மனுசி உவ! பூஞ்சணச் சோளனைப் பற்றி உவவோ எனக்குப் படிப்பிக்கிறது! இதை நல்ல தண்ணியிலை ரெண்டு மூண்டு தரம் கழுவி வெயிலிலை காயவிட்டா எல்லாம் போயிடும். நீங்கள் ஏத்துங்கோ!"

"கழுவினாப் போகாது."

எல்லாரும் திரும்பினார்கள். குசினி வாசலில் மியூரியல் நின்றாள். கையில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி. அது நழுவி விழுந்து உருண்டது. அவள் குனியவில்லை.

"கழுவினாப் போகாது, இஞ்சருங்கோ... நான் கழுவினனான்."

"நீ என்ன கதைக்கிறாய்?" என்றான் வில்லியம்.

"நாலஞ்சு தண்ணியிலை கழுவினனான். பச்சை போட்டுது. மணமும் போன மாதிரித்தான் இருந்துது. அடுப்பிலை வறுத்தும் பாத்தன். கஞ்சி காய்ச்சிக் குடுக்க, 'கைக்குதம்மா' எண்டாள்... 'கைக்குது, வேண்டாம்' எண்டு வாயைப் பொத்தினாள்..." மியூரியலின் குரல் ஏறியது. "நான் அடிச்சன்! குடி எண்டு அடிச்சு, மூக்கைப் பிடிச்சுப் பருக்கினன்! பசியிலை சாகப்போறாளே எண்டு... என்ரை கையாலை... இந்தக் கையாலை!"

"மியூரியல்! வேண்டாம் பிள்ளை... வாயை மூடு!" சுகிர்தம் ஓடிப்போய் அவளுடைய தோளைப் பிடித்தாள். "இவள் நினைவில்லாமல் கதைக்கிறாள். நான்தான்..."

"இல்லை அக்கா!" மியூரியல் அந்தக் கைகளை உதறவில்லை, இறுகப் பற்றிக்கொண்டாள். "இன்னும் எவ்வளவு காலத்துக்கு 'நான்தான்' எண்டு சொல்லப் போறியள்? நீங்கள் இடிக்கேல்லை. நீங்கள் தொடவே இல்லை. ஒதுக்கின மூட்டை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தனான். நீங்கள் அண்டைக்குப் பழியை ஏற்கேக்கையும் எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள், ஒரு நிமிசம்கூட அது எனக்கு மறக்கேல்லை!"

சுகிர்தம் அவளையே பார்த்தபடி நின்றாள். அப்படியென்றால்... மியூரியல் நம்பவில்லையா? இத்தனை காலமும் ஒவ்வொரு நாளும் எல்லாம் தெரிந்துகொண்டேதானா?

"பின்னை ஏன் பிள்ளை என்னை..."

"உங்கடை முகத்தைக் கண்டா எனக்கு என்ரை பொய்தான் தெரியும். ஏசினா அது கொஞ்சம் மறையும். ஒருநாள் நல்லமாதிரிக் கதைச்சாலும் உண்மையைச் சொல்லிப்போடுவன் எண்டு பயம். அதாலைதான் அக்கா... அதாலைதான் உங்களை மிதிச்சு மிதிச்சு நடந்தன். நீங்கள் ஒருக்காவாவது திருப்பி அடிச்சிருக்கலாமே! ஏன் பொறுத்தியள்? ஏன்?"

அவள் சரிந்து சுகிர்தத்தின் காலடியில் விழுந்தாள். சிந்திக் கிடந்த சோளம் அவளுடைய கூந்தலில் ஒட்டியது. சுகிர்தமும் மண்ணில் உட்கார்ந்து அவளை வாரித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"நீ கிணத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாய் பிள்ளை. ஒண்டைத்தான் குடுத்தம், ரெண்டையும் குடுக்க எனக்கு ஏலாமல் போச்சு... வேறை ஒண்டுமில்லை."

இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். செத்தவீட்டில் சேர்ந்து அழுதிருக்க வேண்டிய அழுகை அது. இத்தனை வருசம் உள்ளே கட்டிக் கிடந்தது.

வில்லியம் அப்படியே ஒரு மூட்டையின்மேல் இருந்துவிட்டான். முகத்தைக் கையால் பொத்தியிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழும்பி, உழவு மெசின் பெட்டியில் ஏற்றியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே இறக்கத் தொடங்கினான். யாரும் சொல்லவில்லை. சீவரத்தினமும் ஒரு நுனியைப் பிடித்தார். மழைக்கு முதலே கட்டி உள்மூலையில் அடுக்கியிருந்த பழைய மூட்டைகளைச் சுகிர்தம் கைவிட்டுப் பார்த்து, கடித்துப் பார்த்து, நல்லதென்று கண்டதை மட்டும் ஏற்றச் சொன்னாள். மற்றதையெல்லாம் கிடங்கு வெட்டித் தாழ்த்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு எட்வேர்ட் அவளிடம் வந்தார். அவர் காலையிலிருந்து விறாந்தையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தவர். கையில் களஞ்சியத் திறப்பு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

"சுகிர்தம்... நீர் எனக்காவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

"என்ன?"

"'நீரோ' எண்டு ஒரு சொல்லுக் கேட்டியள். ஓமெண்டன். அதுக்குப் பிறகு, என்ரை மனுசி அப்பிடிச் செய்திருப்பாளோ எண்டு ஒரு நாளாவது உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையே? ஊர் நம்பினது எனக்குப் பெரிசில்லை. மியூரியல் அடிச்சதும் பெரிசில்லை. நீங்கள் இவ்வளவு லேசா நம்பினியள் பாருங்கோ... அதுதான்."

அவர் தலை குனிந்தார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்ததை அவள் கண்டாள். திறப்பைக் கை நீட்டி வாங்கவில்லை.

"அதைக் கதவிலை கொளுவி விடுங்கோ. வேலை இருந்தா எடுக்கிறன்," என்றுவிட்டுப் படங்கை விரிக்கப் போனாள்.

வெயில் தாழ்ந்தபோது மியூரியல் வந்து, பக்கத்தில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. தலை வாரி, வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

"அக்கா, சேமக்காலைக்குப் போவமே?"

சுகிர்தம் திடுக்கிட்டாள். பிள்ளையை அடக்கம் பண்ணிய அன்று அவளை வாசலோடு மறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளும் அந்தப் பக்கம் போனதில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது.

இருவரும் ஈர ஒழுங்கையால் நடந்தார்கள். கோயிலுக்குப் பின்னால், மதிலோரத்து வேம்பின் கீழ் ஒரு சின்னக் கல். மியூரியல் முழந்தாளிட்டுப் புல்லைப் பிடுங்கினாள். பிறகு கல்லின்மேல் கையை வைத்து, உறங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"நேசம்... பெரியம்மா வந்திருக்கிறா."

சுகிர்தத்தால் நிற்க முடியவில்லை. அவளும் முழந்தாளிட்டாள். அதுவரை எவருக்கும் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னாள்.

"பிள்ளை, உனக்குச் சொன்னாப் பைத்தியம் எண்டு நினைப்பாய்... சோளன் ஆள் உயரம் வளந்து பூக்கிற நேரத்திலை, நேசம் வரம்பிலை நிக்கிறதைக் கண்டிருக்கிறன். வெறுங்காலோடை. கூப்பிட்டா உள்ளுக்கை போயிடுவாள்."

மியூரியல் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அவளுடைய கண்களில் பயமில்லை, பசி இருந்தது.

"எனக்கு ஒருக்காவும் வரமாட்டாள் அக்கா. கனவிலைகூட வரமாட்டாள்..." பிடுங்கிய புல்லைக் கைக்குள் சுருட்டினாள். "ஆள்... வளந்திட்டாளே?"

வேம்பின் இலைகளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுகிர்தம் அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இல்லையம்மா. அப்பிடியேதான் நிக்கிறாள்."